பழைய மோட்டார்ஹோம் வாங்கும் முன்: அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழிமுறை

அமெரிக்காவிலோ கனடாவிலோ வீட்டைக் காலி செய்துவிட்டு, ஆண்டு முழுக்க மோட்டார்ஹோமிலேயே வாழப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். விடுமுறைக்கு மட்டும் வண்டி எடுப்பவருக்கு ஹீட்டர் பழுதானால் ஒரு வார இறுதி கெடும், அவ்வளவுதான். அதிலேயே குடியிருப்பவருக்கு ஜனவரி மாதத்து நியூ மெக்சிகோ குளிரில் அதே பழுது பெரிய ஆபத்து. அதனால் வாங்கும் முன் செய்யும் சோதனையும் அந்த அளவுக்குக் கறாராக இருக்க வேண்டும்.

குறைந்த முதலீட்டில் தொடங்குகிற பலரும் முதலில் பார்ப்பது 'கிளாஸ் சி' வண்டிகளைத்தான். ஃபோர்டு ஈ-350 அல்லது ஈ-450 சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஓட்டுநர் தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் படுக்கை, 6.8 லிட்டர் வி10 பெட்ரோல் என்ஜின். 1997 முதல் 2019 வரை இந்த என்ஜின் அந்தச் சேஸிஸில் வந்துகொண்டே இருந்ததால் உதிரிபாகமும் மெக்கானிக்கும் எந்த ஊரிலும் கிடைக்கும். கீழே சொல்வதெல்லாம் பெரும்பாலும் இந்த வகையை மனத்தில் வைத்துத்தான். பேருந்து போலிருக்கும் 'கிளாஸ் ஏ' வண்டிக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்ஜின், கியர்பாக்ஸ், ஃப்ரிட்ஜ், ஜெனரேட்டர், பேட்டரி எல்லாவற்றையும் காசு கொடுத்தால் மாற்றிவிடலாம். தண்ணீர் ஊறி இற்றுப்போன சுவரையும் தரையையும் அப்படி மாற்ற முடியாது; மாற்றுகிற கூலி வண்டியின் விலையைத் தாண்டிவிடும். ஆகவே ஈரத்தை முதலில் தேடுங்கள். அது தெளிந்த பிறகுதான் மற்றதெல்லாம்.

கிளம்பும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை

முந்தைய நாளே ஃப்ரிட்ஜைப் போட்டு வைக்கச் சொல்லுங்கள். நீங்கள் வரும்வரை என்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள். நல்ல தண்ணீர்த் தொட்டியில் தண்ணீரும், சிலிண்டரில் புரொப்பேனும், வண்டியைச் செருக 120 வோல்ட் மின் இணைப்பும் இருக்க வேண்டும். "குளிர்காலத்துக்காகத் தண்ணீரை வடித்துவிட்டோம், இப்போது காட்ட முடியாது" என்று சொன்னால், வெயில் வந்த பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடுங்கள். "போன வருடம் நன்றாகத்தான் ஓடியது" என்று சொல்லப்படும் எந்தச் சாதனத்தையும் ஓடாத சாதனமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: நல்ல டார்ச், மல்டிமீட்டர், ஊசி முனை உள்ள ஈரமானி, தொலைவிலிருந்தே வெப்பம் அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானி, ஏணி, அழுக்கானாலும் பரவாயில்லை என்கிற சட்டை.

அறிகுறி: கதவைத் திறந்ததும் ஒரு வாடை

முதல் மூச்சிலேயே தெரிகிற வாடையை நம்புங்கள். ஐந்து நிமிடத்தில் மூக்கு பழகிவிடும். பூட்டிக் கிடந்த துணி அலமாரி போன்ற பூஞ்சை வாடை என்றால் எங்கேயோ ஈரம் இருக்கிறது. நேராக அடுத்த பகுதிக்குப் போங்கள். வாசனைத் திரவியம் தூக்கலாக அடித்தாலும் அதே சந்தேகம்தான்.

சிறுநீர் போன்ற காரமான நெடி எலியுடையது. இழுப்பறைகளை வெளியே எடுத்து, பின்னால் எச்சமும் கூடும் இருக்கிறதா பாருங்கள். எலி இருந்த வண்டியில் வயர்களின் உறை கடிபட்டிருக்கும். அது தீ பிடிக்கும் சமாச்சாரம், சாதாரணமாக விடக்கூடாது.

சாக்கடை நாற்றம் பெரும்பாலும் சின்ன விஷயம்தான். நீண்ட நாள் பயன்படுத்தாத வண்டியில் சிங்குக்குக் கீழே வளைந்த குழாயில் நிற்க வேண்டிய தண்ணீர் வற்றியிருக்கும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் போகும். போகாவிட்டால் கழிப்பறையின் அடி ரப்பர் வளையம், அல்லது சிங்குக்கு அடியில் இருக்கும் காற்று வால்வு. இரண்டும் மலிவு.

அழுகிய முட்டை போன்ற கேஸ் வாடை வந்தால் விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடாதீர்கள். வெளியே வந்து, சிலிண்டர் வால்வை மூடச் சொல்லுங்கள்.

அறிகுறி: சுவரில் உப்பல், மெத்தென்ற தரை, கறை

இந்த ஒரு பகுதிக்கு மட்டும் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள்.

வெளிச்சுவர் வழவழப்பான ஃபைபர்கிளாஸாக இருந்தால், வண்டியின் மூலையில் நின்று சுவரோடு கன்னத்தை ஒட்டி நீளவாக்கில் பாருங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் நன்றாகத் தெரியும். அந்தச் சுவர் ஃபைபர்கிளாஸ் தாள், மெல்லிய பிளைவுட், உள்ளே ஃபோம் எல்லாம் பசையால் ஒட்டிச் செய்தது. தண்ணீர் இறங்கினால் பிளைவுட் ஊறி, பசை விட்டு, வெளித்தாள் அலை போல உப்பிக்கொள்ளும். விரலால் தட்டினால் நல்ல இடத்தில் கெட்டியான சத்தம், உப்பிய இடத்தில் பொள்ளலான சத்தம். ஊசி வழியே பசை செலுத்தி ஒட்டிவிடலாம் என்பார்கள். உள்ளே ஈரமும் மக்கிய மரமும் இருக்கும்போது அது நிலைக்காது. உள்ளங்கை அளவைத் தாண்டிய உப்பல் இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள்.

வரிவரியான அலுமினியத் தகடு போட்ட வண்டியில் உப்பல் தெரியாது. அதனால் அது நல்லது என்று அர்த்தமில்லை. உள்ளே மரச்சட்டம் இற்றுப்போனாலும் தகடு அப்படியே நிற்கும். அங்கே கைதான் சாட்சி: கீழ் மூலைகளையும் ஜன்னலுக்குக் கீழேயும் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். தகடு உள்ளே அமுங்கினால் பின்னால் மரம் இல்லை.

உள்ளே வந்ததும் முதலில் ஓட்டுநர் தலைக்கு மேலே இருக்கும் படுக்கை. மெத்தையைத் தூக்கச் சொல்லுங்கள், தயங்கினாலும் விடாதீர்கள். கிளாஸ் சி வண்டிகளில் ஒழுகலுக்குப் பேர்போன இடம் இதுதான். முன் முகப்பில் வரிசையாக இருக்கும் ஐந்து மஞ்சள் விளக்குகளின் அடியிலிருக்கும் சீலண்ட் (இடுக்கை அடைக்கும் பசை) வெயிலில் வெடித்து, மழைநீர் உள்ளே இறங்கி, மெத்தைக்குக் கீழே பலகையில் ஆண்டுக்கணக்கில் தேங்கும். இரண்டு முன்மூலைகளிலும் ஈரமானியை வையுங்கள். எண் எவ்வளவு என்று பார்ப்பதைவிட ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது: வண்டியின் நடுவே, நிச்சயம் காய்ந்திருக்கும் ஒரு உள்தடுப்பில் முதலில் அளந்துகொள்ளுங்கள். மூலையில் அதைவிட மிக அதிகமாகக் காட்டினால் அங்கே ஈரம் இருக்கிறது.

பிறகு இந்த வரிசையில்: கூரை ஜன்னல்களைச் சுற்றி, ஏசியைச் சுற்றி, எல்லா ஜன்னல்களின் கீழ் மூலைகள், மேல் அலமாரிகளுக்குள் சுவரும் கூரையும் சேரும் கோடு, பின்புற மூலைகள், குளியலறைத் தரை, கதவுப் படிக்கு உள்பக்கம். வெறுங்காலோடு நடந்தால் பொதபொதவென்ற தரை உடனே தெரிந்துவிடும். ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் புது வால்பேப்பர், ஒரே ஒரு மூலைக்கு மட்டும் புது பெயின்ட் இருந்தால் அங்கே ஈரமானியை இரண்டு முறை வையுங்கள்.

அப்புறம் கூரை. அனுமதி வாங்கி ஏணி போட்டு ஏறுங்கள். நின்று நடக்காமல் முட்டி போட்டு நகருங்கள். அந்தக் கால வண்டிகளில் பெரும்பாலும் வெள்ளை ஈபிடிஎம் ரப்பர் கூரை. கையில் சுண்ணாம்பு போல வெள்ளைத் தூள் ஒட்டினால் பயப்பட வேண்டாம், அது வயதின் இயல்பு. சீலண்டில் மயிரிழை விரிசல்கள் இருந்தாலும் பராமரிப்புக் கணக்கில்தான் சேரும். ரப்பர் கூரைக்கென்றே விற்கும், தானாகப் பரவும் சீலண்டை மேலே விட்டால் போதும். ஆனால் கட்டிக் கட்டியாக சிலிக்கோன் அப்பிக் கிடந்தால் கவலைப்படுங்கள். ஒழுகுகிறது என்று தெரிந்து யாரோ அவசரத்தில் பூசியது அது. அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் சரியான சீலண்ட் அதன்மேல் ஒட்டாது. முட்டிக்குக் கீழே கூரை அமுங்கினால் அடியிலிருக்கும் பலகை போய்விட்டது.

எதில் பேரம் பேசலாம், எதை விட வேண்டும்? கூரை ஜன்னல் ஒன்றைச் சுற்றி மட்டும் கறை, பலகை இன்னும் கெட்டி என்றால் பேசலாம். படுக்கையின் இரு மூலைகளும், அல்லது தரையும் சுவரும் சேரும் இடமும் மெத்தென்று இருந்தால், விலையைப் பாதியாகக் குறைத்தாலும் வேண்டாம். மழை பெய்த மறுநாள் பார்க்கப் போவது எப்போதும் நல்லது.

அறிகுறி: டயர் புதுசு போலிருக்கிறது

மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகிறது. பட்டனில் ஆழம் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி என்று தொடங்கும் எழுத்துகளின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. மூன்று இலக்கமே இருந்தால் அது 2000க்கு முந்தையது. அந்த டயரில் வீட்டுக்குக்கூட ஓட்டி வரக்கூடாது. ஏழு வயதைத் தாண்டியவற்றை மாற்றும் செலவை விலையில் கழித்துவிடுங்கள். பக்கவாட்டில் விரிசல் இருந்தால் வயதையும் பார்க்க வேண்டாம்.

பின்னால் இரட்டை டயர். முழு எண் டயரின் ஒரு பக்கத்தில் மட்டும் இருப்பதும் உண்டு என்பதால், அடியில் படுத்து டார்ச் அடித்துத்தான் சிலவற்றைப் படிக்க முடியும். ஆறு டயரையும் படியுங்கள். நாலு புதுசு, உள்ளே இரண்டு பழசு என்று இருக்கும் வண்டிகள் உண்டு. பின் டயர் நெடுஞ்சாலையில் வெடித்தால் சக்கரத்துக்கு மேலிருக்கும் தரையையும், பக்கத்தில் ஓடும் குழாய்களையும் வயர்களையும் கிழித்துக்கொண்டு போகும்.

அறிகுறி: என்ஜினில் டிக் டிக் சத்தம்

போனதும் என்ஜின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்கு முன்பே யாரோ ஓட்டியிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜினில் மட்டும் தெரியும் குறைகளை நீங்கள் பார்க்க முடியாது. இன்னொரு நாள் வாருங்கள்.

வி10இல் குளிர்ந்த நிலையில் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட் ஒன்று உடைந்து புகை கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஓட்டலாம், ஆனால் துருப்பிடித்த போல்ட்டை எடுக்கக் கூலி அதிகம். 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் வந்த வி10களில் ஸ்பார்க் பிளக் பிடிக்கும் மரையின் சுற்றுகள் குறைவு என்பதால், பிளக் சில சமயம் தெறித்து வெளியே வந்துவிடும். முன்பு அப்படி நடந்து, மரைக்குள் உலோக உறை போட்டுச் சரிசெய்திருந்தால் அது குறையல்ல. ரசீது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டும். கருத்து, தீய்ந்த வாடை அடித்தால் மலையேற்றத்தில் வறுபட்டது. 2000களின் நடுவிலிருந்து ஐந்து கியர் வந்தது, முன்பு நான்கு. ராக்கி மலைப் பக்கம் அதிகம் சுற்றப் போகிறவர்களுக்கு இந்த ஒரு கியர் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

அறிகுறி: நெடுஞ்சாலையில் வண்டி அலைகிறது

லாரி கடந்து போகும்போது வண்டி ஒரு பக்கம் தள்ளப்படுகிறது, நேராக வைக்கவே ஸ்டீயரிங்கைத் திருத்திக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது. பயந்துவிடாதீர்கள், ஈ-450 வண்டிகளில் இது பரவலான புகார். மலிவானதிலிருந்து தொடங்குங்கள்: டயர் காற்று, பிறகு லாரிகளுக்குச் செய்யும் கடையில் முழுச் சுமையோடு அலைன்மென்ட், பிறகு ஸ்டேபிலைசர் கம்பியின் புஷ்கள். பின்சக்கரத்துக்குப் பின்னால் உடல் மிக நீளமாகத் தொங்கும் வண்டியில் அலைவது அமைப்பிலேயே உள்ளது. குறைக்கலாம், ஒழிக்க முடியாது. சோதனை ஓட்டம் குறைந்தது அரை மணி, அதில் கொஞ்ச தூரமாவது நெடுஞ்சாலை இருக்க வேண்டும்.

நிறுத்தியதும் ஆறு சக்கரங்களின் நடுவிலும் அகச்சிவப்பு வெப்பமானியைக் காட்டுங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அதன் பிரேக் காலிப்பர் இறுகிவிட்டது. நின்றே கிடந்த வண்டிகளில் இது சகஜம். காலிப்பரோடு பிரேக் எண்ணெயையும் மாற்ற வேண்டும்.

இன்னும் பழைய கிளாஸ் ஏ வண்டி பார்க்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஷெவ்ரலே பி30 சேஸிஸில் தானியங்கி பார்க்கிங் பிரேக் உண்டு. ஹைட்ராலிக் அழுத்தம்தான் அதை விடுவித்து வைத்திருக்கிறது. எண்ணெய் கசிந்து அழுத்தம் போனால் ஓடும்போதே பிரேக் பிடித்துக்கொள்ளும். அந்த அமைப்பைத் தெரிந்த மெக்கானிக் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அறிகுறி: உள்ளே எதுவுமே எரியவில்லை

முதலில் கதவருகே 'யூஸ் / ஸ்டோர்' என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். அது ஸ்டோரில் இருந்தால் வீட்டுப் பேட்டரி (உள்ளே விளக்குக்கும் சாதனங்களுக்கும் மின்சாரம் தருவது) துண்டிக்கப்பட்டிருக்கும். பதறிப்போகும் பலருக்கு விடை இதுதான்.

பிறகு மல்டிமீட்டர். வெளி இணைப்பு எதுவும் இல்லாமல் பேட்டரி முனையில் அளந்தால், லெட் ஆசிட் பேட்டரி நிறைந்திருக்கும்போது சுமார் 12.6 வோல்ட், பாதியில் 12.2. பதினொன்றரைக்கும் கீழே இருந்தால் புதுப் பேட்டரிக்குக் காசு ஒதுக்குங்கள். இப்போது 120 வோல்ட் இணைப்பைச் செருகிவிட்டு மறுபடி அளங்கள். 13க்கு மேலே ஏற வேண்டும். ஏறவில்லை என்றால், 120 வோல்ட்டை மாற்றிப் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கன்வர்ட்டர்மேல் சந்தேகம். ஆனால் அதற்கு முன் ஃபியூஸ் பெட்டியில் தனியே இருக்கும் இரண்டு பெரிய ஃபியூஸ்களைப் பாருங்கள். யாராவது பேட்டரியை முனை மாற்றி இணைத்திருந்தால் எரிவது அவைதான். சில டாலர் வேலை.

1990களில் வந்த வண்டிகளில் மேக்னடெக் 6300 வரிசைக் கன்வர்ட்டர் இருந்தால், அது பேட்டரியை அளவுக்கு மீறிச் சார்ஜ் செய்து தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்குப் பேர்போனது. எப்போதும் மின் இணைப்பில் நிற்கும் முழுநேரவாசிக்கு அதை மாற்றுவது முதல் வேலைகளில் ஒன்று. லித்தியம் பேட்டரி போடும் எண்ணமிருந்தால் எப்படியும் மாற்றத்தான் வேண்டும்.

ஏசியும் மைக்ரோவேவும் ஒன்றாகப் போட்டால் பிரேக்கர் விழுகிறது என்றால் அது பழுதல்ல. 30 ஆம்ப் இணைப்பில் கிடைப்பது 3,600 வாட் மட்டுமே.

அறிகுறி: ஹீட்டர் மின்விசிறி ஓடுகிறது, காற்று குளிராகவே வருகிறது

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் தவறான பாகத்தை மாற்றிக் காசைக் கொட்டுவது இங்கேதான் அதிகம்.

புரொப்பேன் ஹீட்டர் ஒரு ஒழுங்கில் இயங்குகிறது. தெர்மோஸ்டாட் கேட்டதும் விசிறி சுழலும். காற்று போதுமான வேகத்தில் வந்தால் 'செயில் ஸ்விட்ச்' என்ற மெல்லிய தகடு நகர்ந்து சுற்றை மூடும். அதன் பிறகே கேஸ் வால்வு திறந்து பொறி விழும். விசிறி மந்தமாகச் சுற்றினால் தகடு நகராது, கேஸும் திறக்காது. விசிறி மந்தமாவதற்கு முதல் காரணம் பேட்டரி வலுவிழந்திருப்பது. ஆகவே 120 வோல்ட் இணைப்பைச் செருகி, வோல்ட் ஏறிய பிறகு மறுபடி போட்டுப் பாருங்கள். பற்றிக்கொண்டால் ஹீட்டர் நல்லது, பேட்டரிதான் மோசம்.

பொறி விழும் சத்தம் கேட்கிறது, ஆனால் பற்றவில்லையா? சமையல் அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள். அதிலும் சுடர் பலவீனம் என்றால் சிலிண்டர் காலி அல்லது ரெகுலேட்டர் பழசு. அடுப்பு நன்றாக நீலமாக எரிந்தால் ஹீட்டரின் வெளிப்புறத் துவாரத்தில் குளவிக்கூடு இருக்கிறதா பாருங்கள்.

பற்றி எரிந்தும் உள்ளே புகை வாடை வந்தால், அல்லது கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தால், வெப்பம் கடத்தும் உலோகப் பெட்டியில் விரிசல் இருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஒரு இரவுகூட உள்ளே படுக்கக்கூடாது. அலாரங்களின் பின்பக்கத் தேதியையும் பாருங்கள். கேஸ், கார்பன் மோனாக்சைடு அலாரங்களின் ஆயுள் ஐந்திலிருந்து ஏழு ஆண்டு, சிலவற்றுக்குப் பத்து. பழைய வண்டியில் காலாவதியானதே பெரும்பாலும் இருக்கும். வாங்கிய அன்றே மாற்றுங்கள்.

அறிகுறி: ஃப்ரிட்ஜ் விளக்கு எரிகிறது, குளிரவில்லை

இவற்றில் கம்ப்ரசர் கிடையாது. அம்மோனியா, ஹைட்ரஜன், தண்ணீர் இவற்றை வெப்பத்தால் சுழலவிட்டுக் குளிர்விக்கிற வகை. மெதுவாகவே குளிரும், அதனால்தான் முந்தைய நாளே போட்டு வைக்கச் சொன்னேன்.

மின்சாரத்தில் குளிர்கிறது, கேஸில் இல்லை என்றால் பர்னரில் தூசியோ சிலந்திவலையோ. சுத்தம் செய்தால் போதும். கேஸில் குளிர்கிறது, மின்சாரத்தில் இல்லை என்றால் ஹீட்டிங் எலிமென்ட், மலிவு. இரண்டிலும் இல்லை என்றால் முதலில் வண்டி சமதளத்தில் நிற்கிறதா பாருங்கள். சாய்ந்து நின்றபடியே பல நாள் ஓட்டினால் குழாய்க்குள் திரவம் சரியாகச் சுழலாமல் சூடேறி, குளிர்விக்கும் பகுதியே கெட்டுவிடும். வெளிப்புற மூடியைத் திறந்தால் மஞ்சள் பொடி படிந்திருக்கிறதா, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது முடிந்தது. புது ஃப்ரிட்ஜுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் போகும். 12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜாக மாற்றிக்கொள்கிறவர்களும் உண்டு. சோலார் போடும் எண்ணமிருந்தால் எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

தீ அபாயத்துக்காக நோர்கோல்ட், டோமெட்டிக் என்ற இரண்டு ஃப்ரிட்ஜ் நிறுவனங்களின் சில பழைய மாடல்களும் திரும்ப அழைக்கப்பட்டிருக்கின்றன. மாடல் எண்ணையும் சீரியல் எண்ணையும் படம் எடுத்து வைத்து, அந்த வேலை முடிந்ததா என்று தயாரிப்பாளரிடம் கேளுங்கள்.

அறிகுறி: குழாயை மூடியும் பம்பு விட்டுவிட்டு ஓடுகிறது

எங்கேயோ கசிகிறது, அல்லது பம்புக்குள் இருக்கும் ஒருவழி வால்வு பிடிக்கவில்லை. எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, சிங்குக்கு அடியிலும் கழிப்பறைக்குப் பின்னாலும் வாட்டர் ஹீட்டர் அருகிலும் உலர்ந்த டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்ட வண்டியில் உறைந்து வெடித்த இணைப்புகள் இப்படித்தான் தெரியவரும்.

1990களின் நடுவுக்கு முந்தைய வண்டியில் குழாய் சாம்பல் நிறமாக இருந்தால் அது பாலிபியூட்டிலீன் என்ற பிளாஸ்டிக். இணைப்புகளில் சொல்லாமல் கொள்ளாமல் உடையும். சுவருக்குள் உடைந்தால் மேலே சொன்ன ஈரக் கதைதான் மறுபடி. முழுதும் பெக்ஸ் (PEX) பிளாஸ்டிக் குழாயாக மாற்றும் செலவைக் கழித்தே விலை சொல்லுங்கள்.

சுடுதண்ணீர் வெதுவெதுப்பாகவே வருகிறது என்றால் வாட்டர் ஹீட்டருக்குப் பின்னால், தண்ணீரை அதற்குள் போகவிடாமல் திருப்பும் பைபாஸ் வால்வைப் பாருங்கள். குளிர்காலத்துக்காகத் திருப்பியதைத் திரும்ப வைக்க மறந்திருப்பார்கள். சபர்பன் நிறுவனத்து வாட்டர் ஹீட்டர் என்றால் உள்ளே தியாகக் கம்பி ஒன்று உண்டு. தொட்டியின் எஃகுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதே அதன் வேலை. தண்ணீர் ஆறி, அழுத்தத்தை வெளியேற்றிய பிறகு கழற்றுங்கள். முழுக்கக் கரைந்து கம்பி மட்டும் நின்றால், தொட்டியும் அரிபட்டிருக்கலாம். அட்வுட் ஹீட்டரின் தொட்டி அலுமினியம். அதில் இந்தக் கம்பி இல்லாதது குறையல்ல.

அறிகுறி: ஜெனரேட்டர் ஸ்டார்ட் ஆகவில்லை, அல்லது ஏறி இறங்கி ஓடுகிறது

வண்டியின் பெட்ரோல் அளவைப் பாருங்கள். ஜெனரேட்டருக்குப் பெட்ரோல் எடுக்கும் குழாய், தொட்டியில் கால்வாசிக்கு மேலேயே நின்றுவிடும்படி வைத்திருப்பார்கள். காட்டில் ஜெனரேட்டர் ஓட்டிவிட்டுத் திரும்பப் பெட்ரோல் இல்லாமல் மாட்டிக்கொள்ளக்கூடாது என்பதற்காக. எரிபொருள் போதுமான அளவு இருந்தும், ஓடும்போது மூச்சுவாங்குவது போல ஏறி இறங்கினால், கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாகப் படிந்திருக்கிறது. சும்மா வைத்தே கெடுக்கப்பட்ட இயந்திரம் இது. மணி மீட்டர் மிகக் குறைவாகக் காட்டினால் மகிழ வேண்டாம். மாதம் ஒருமுறை பாதிச் சுமையோடு ஓட்டப்பட்டு, சில நூறு மணி காட்டுவதே எனக்குப் பிடித்தது. சுமை இல்லாமல் ஓட்டிக் காட்டினால் போதாது. ஏசியைப் போடச் சொல்லுங்கள்.

அதோடு ஏசியையும் சோதித்துவிடலாம்: உள்ளிழுக்கும் காற்றுக்கும் வெளிவிடும் காற்றுக்கும் இடையே 15 முதல் 20 டிகிரி ஃபாரன்ஹீட் வித்தியாசம் இருந்தால் நன்றாகவே இருக்கிறது.

அறிகுறி: கழிவுத் தொட்டி எப்போதும் நிறைந்ததாகக் காட்டுகிறது

உள்ளே சென்சாரில் காகிதம் ஒட்டியிருக்கிறது. பழைய வண்டிகள் அநேகமாக எல்லாவற்றிலும் இப்படித்தான். விட்டுவிடுங்கள்.

அறிகுறி: வண்டி நன்றாக இருக்கிறது, காகிதம் உறுத்துகிறது

வண்டி அடையாள எண் மூன்று இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: முன் கண்ணாடிக்குக் கீழே, கதவோரச் சீட்டில், உரிமைப் பத்திரத்தில். அமெரிக்காவில் காப்பீட்டுக் குற்றங்களைக் கவனிக்கும் என்.ஐ.சி.பி. (NICB) அமைப்பின் இலவசத் தேடலில் திருட்டும், காப்பீட்டு நிறுவனம் முழு நஷ்டமாகக் கணக்கிட்டதைச் சொல்லும் 'சால்வேஜ்' பதிவும் தெரியும். கனடாவில் வண்டியின் வரலாற்றைச் சொல்லும் கார்ஃபேக்ஸ் அறிக்கை வாங்குங்கள். திரும்ப அழைப்புகளை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் அதே எண்ணை வைத்துப் பார்க்கலாம். சேஸிஸுக்கும் மேலே கட்டிய வீட்டுக்கும் தயாரிப்பாளர் வேறு வேறு என்பதால் இரண்டையும் தேடுங்கள்.

முழுநேரமாக வாழ்பவர் கட்டாயம் பார்க்க வேண்டியது எடை. ஈ-450இன் பிற்கால மாடல்களில் மொத்த எடை வரம்பு 14,500 பவுண்டு. வண்டியும் உள்ளே பொருத்திய சாதனங்களுமே அதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். 50 காலன் தண்ணீர் மட்டும் 417 பவுண்டு. அலமாரிக் கதவின் உட்புறச் சீட்டில் எவ்வளவு சுமக்கலாம் என்று போட்டிருக்கும். லாரிகள் நிற்கும் இடங்களில் இருக்கும் 'கேட்' (CAT) நிறுவனத்து எடைமேடையில் ஏற்றினால் ஒவ்வொரு அச்சின் எடையும் தனியாகக் கிடைக்கும். சோதனை ஓட்டத்தின்போதே ஏற்றிப் பாருங்கள். உடை, பாத்திரம், கருவிகள், இரண்டு பேர், தண்ணீர் எல்லாம் சேர்த்தால் வரம்பைத் தாண்டும் என்றால், எவ்வளவு அழகான வண்டியானாலும் உங்களுக்கானதல்ல.

தனியார் முகாம்கள் சிலவற்றில் பத்து வயதுக்கு மேற்பட்ட வண்டிகளை ஏற்பதில்லை. முன்கூட்டியே படம் அனுப்பிக் கேட்டால் பலரும் இசைவார்கள். அதனால் வெளித்தோற்றத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு.

டொராண்டோ பக்கம் இருக்கும் நம்மவர்களில், அமெரிக்காவில் மலிவாகக் கிடைக்கிறது என்று அங்கே தேடுகிறவர்கள் உண்டு. 15 வயதைக் கடந்த வண்டி என்றால் கனடாவின் இறக்குமதி வாகனப் பதிவுத் திட்டத்திலிருந்து விலக்கு. ஆனால் உங்கள் மாகாணத்தின் பாதுகாப்புச் சோதனையில் தேறியே ஆக வேண்டும். அமெரிக்க எல்லையில், வண்டி வெளியேறுவதற்கு 72 மணி நேரம் முன்பே உரிமைப் பத்திர விவரத்தை அங்குள்ள சுங்கத் துறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். இதை விட்டுவிட்டு எல்லைக்குப் போனால் திரும்பித்தான் வர வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகு வண்டி பிடித்திருந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் தொழில்முறைப் பரிசோதகர் ஒருவரை அமர்த்துங்கள். தேசிய ஆர்வி (மோட்டார்ஹோம் போன்ற வண்டிகள்) பரிசோதகர் சங்கத்தின் சான்று பெற்றவர்கள் பல மாநிலங்களிலும் இருக்கிறார்கள். என்ஜின், கியர்பாக்ஸ், ஜெனரேட்டர் மூன்றின் எண்ணெய் மாதிரியையும் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லலாம். முடிவு வர ஓரிரு வாரம் ஆகும். அதுவரை காத்திருக்க மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதீர்கள்.